ஒரு லட்சத்து ஒன்று

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் ஊர் நகரமாகிவிட்டது. அதற்காக நாங்கள் யாரும் எதுவும் செய்யவில்லை. நான் அப்போது ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவில் மெதுவாக வந்தது. ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்து ஒன்று. ஒரு லட்சத்தைத் தாண்டினால் நகரம். ஆகவே பொதுமக்கள் தங்கள் ஊர்ப் பொழுதுபோக்குகளைப் பதினைந்து நாட்களுக்குள் வாரிய அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, நகரப் பொழுதுபோக்குகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. கடைசியில் நன்றி வணக்கம் என்றது. நான் காலரைக் கோணலாக வைத்துவிட்டேன்.

பொழுதுபோக்கு ஒதுக்கீட்டு வாரியம் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். எந்த அளவு ஊரில் யார் என்ன செய்து பொழுதைப் போக்கலாம் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு போட்டிருந்தார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைவான ஊரில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். ஒரு லட்சம் வரை பட்டம் விடலாம், தூண்டில் போடலாம். அதற்கு மேல் என்றால் எல்லாமே வகுப்பு, வரிசை, அடையாள அட்டை. நாங்கள் யாரும் அந்தக் கையேட்டைப் படித்ததில்லை. தடிமனான துணியைத் தைத்தபின் மடிப்பு படிய வைக்க அதன் ஒரு பிரதியைத்தான் நான் பயன்படுத்திவந்தேன்.

நான் தையற்காரன். எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி. எனக்கு மேலே மூன்றாம் மாடியில் கண்ணாடிக்காரர் குடும்பம். பஸ் நிலையத்துக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷமாக ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, மனுஷனுக்கு வேறு மாதிரி கேள்வி கேட்கவே வராது. படியில் என்னைப் பார்த்தால், "வேலைக்குப் போறீங்களா, வர்றீங்களா?" என்பார். அவர் மனைவி பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிறவர். ஒரு வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தால் ஓட்டுநர் அவர் கண்ணில் படாமல் பின்பக்கமாக இறங்கிப் போவார்.

அந்த அம்மாவின் அப்பாவும் அவர்களோடுதான் இருந்தார். ரயிலில் கார்டாக இருந்தவர். கட்டடம் முழுக்க அவரைக் கார்டு மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமாவும் மாப்பிள்ளையும் பதினோரு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. "உப்பு வேணுமான்னு உங்கப்பாகிட்ட கேளு" என்பார் இவர். "வேணாம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்பார் அவர். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் இருவரும் வெளியே வந்து, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்து விசிலடிப்பார்கள். வெறும் உதடுதான். மாமா அடியில் கனமாகப் பிடித்துக்கொள்வார். மாப்பிள்ளை மேலே ஏறுவார். படிக்கட்டுச் சுவரில் பட்டு அது திரும்பி வரும்போது ஐந்தாறு பேர் அடிப்பது போலிருக்கும். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஆறு மணிக்கு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார்கள்.

"அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா என் வீடு ரெண்டாயிடும்ங்க" என்று அந்த அம்மா ஒருமுறை ரவிக்கைத் துணி கொடுக்க வந்தபோது சொன்னார்.

கையேட்டை அந்தப் புதன்கிழமைதான் முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். அட்டவணை மூன்று, வரிசை எண் நாற்பத்தேழு: சீழ்க்கை. ஒரு லட்சத்துக்கு உட்பட்ட ஊர்களுக்கு மட்டும். காரணம்: நகரங்களில் சீழ்க்கை ஒலி போக்குவரத்துக் காவலருடையது என்று கருதப்பட்டு வாகனங்கள் நிற்க நேரிடலாம். கீழே சிறிய எழுத்தில், எங்கள் தெருவில் போக்குவரத்துக் காவலர் இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்று போட்டிருந்தது. எங்கள் தெரு என்று போடவில்லை, "எத்தெருவிலும்" என்று போட்டிருந்தது. எங்களைச் சொன்னது போலத்தான் எனக்கு இருந்தது.

மறுநாள் மூன்று பேரும் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். மாமா முன்னால் நடந்தார். மாப்பிள்ளை நாலடி பின்னால். நடுவில் நான், என் பட்டத்தோடு. உள்ளே டோக்கன் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார். மேஜையோடு நூல் போட்டுக் கட்டிய பேனா. பேனாவைவிட நூல் நீளம் குறைவு என்பதால் குனிந்துதான் எழுத முடியும்.

"என்ன ஒப்படைக்கிறீங்க?"

"விசில்" என்றார் கண்ணாடிக்காரர்.

"கொண்டு வந்திருக்கீங்களா?"

"வாய்லதான் இருக்கு."

"அடிங்க. பார்த்துட்டுத்தான் வாங்கிக்க முடியும்."

அவர் வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்துவிட்டு லேசாக அடித்தார். அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டு, 'சீழ்க்கை – ஒன்று – நல்ல நிலையில்' என்று எழுதி முத்திரை குத்தினார். "இனிமே இது வாரியத்தோடது. வெளியில அடிச்சீங்கன்னா பொதுச் சொத்தைத் தவறாப் பயன்படுத்தின குத்தம்."

அடுத்தது கார்டு மாமா. அவர் முப்பது வருஷப் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி ஒரே ஒரு விசில் அடித்தார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று எழுந்துவிட்டார்கள். கடைசியில் நின்ற இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவே தொடங்கினார்கள். கவுண்டர் அம்மா அசையாமல், 'சீழ்க்கை – ஒன்று – பழையது' என்று எழுதினார்.

"பழையதா?" என்றார் மாமா.

"வயசைப் பார்த்து எழுதறதுதான். நீங்க தள்ளுங்க. அடுத்து?"

என் பட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். காற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். பட்டத்துக்கான காற்று எங்களுடைய மொட்டைமாடியில் இருக்கிறது என்றேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாக எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒதுக்கீடு. காலியிடம் எதில் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கண்ணாடிக்காரருக்குப் பறவை நோக்கல் கிடைத்தது. அறுபத்தொன்பது வயசு கார்டு மாமாவுக்கு மலையேற்றம்.

"இங்க மலையே இல்லையேம்மா" என்றார் மாமா.

"இது நகரம். நகரத்துக்கு மலையேற்றம் உண்டு. மலை வந்ததும் கடிதம் போடுவோம். அதுவரைக்கும் தியரி வகுப்பு."

எனக்குத் தையல் கிடைத்தது.

"தையல் என் தொழில்ங்க" என்றேன்.

"பகல்ல தொழில். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரைக்கும் பொழுதுபோக்கு. குழப்பிக்காதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரப் பொழுதுபோக்குகளின் தொடக்க விழா. வாரியத்தின் இயக்குநர் பேசினார். எங்கள் ஊருக்காகவே புதிதாகப் போடப்பட்டவர். ஐம்பத்தைந்து வயசிருக்கும், முடியைப் படிய வாரியிருந்தார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்த பூத்தொட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஒருவர் வந்து அவர் தோளைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"சின்ன ஊர்ல ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும்னா மூணு பேர்தான் இருப்பாங்க. பெரிய நகரத்துல நாலாயிரம் பேர் வந்து நிப்பாங்க. எங்க வாரியம் வர்றதுக்கு முன்னாடி மக்கள் இதைத் தாங்களாவே சமாளிச்சுக்கிட்டு இருந்தாங்க. மூணு பேர் இருந்தா மூணு பேர் ஆட்டம் ஆடினாங்க. எவ்வளவு பெரிய கொடுமை! இப்ப அந்தக் கவலையே வேணாம். ஆள் இல்லாத பொழுதுபோக்கைச் சின்ன ஊருக்கும், இடம் இல்லாத பொழுதுபோக்கைப் பெரிய ஊருக்கும் நாங்களே பார்த்து ஒதுக்கறோம். முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஏழு ஊரை நகரமாக்கியிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு பொழுதுபோக்குகூட கிடையாது. அவ்வளவு நடுநிலை!"

கை தட்டினோம். தட்டுவதற்கு அட்டவணையில் இடமிருந்தது.

வகுப்புகள் ஆரம்பித்தன. பறவை நோக்கல் வகுப்பில் இருநூற்றுப் பதினாலு பேர். மரமுள்ள இடத்தில் இத்தனை பேரை நிறுத்த முடியாது என்பதால் ஒரு பழைய பஸ் ஷெட்டில் நடத்தினார்கள். இருபது பேருக்கு ஒரு தொலைநோக்கி. ஷெட்டின் மேல்விட்டத்தில் ஒரு புறா இருந்தது. கண்ணாடிக்காரர் முறை வர இரண்டு வாரம் ஆனது. அவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்ததும் புறா திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"என்ன பார்த்தீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"முதுகு."

"முதுகு ரெண்டாம் நிலை. முதல் நிலை முடிச்சவங்கதான் பார்க்கணும்" என்று தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

கார்டு மாமா மலையேற்ற வகுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தரையில் நடந்தார். நடக்கும்போது மூச்சு வாங்குவது போல வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்கு மதிப்பெண் குறைப்பார்கள். தையல் வகுப்பில் என்னை முதல் வாரமே ஃபெயிலாக்கினார்கள். ஊசியில் நூல் கோக்கும் முன் நூல் கோப்பது பற்றி நான் ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டுமாம். இருபத்தாறு வருஷமாக நான் எழுதாமலே கோத்துவந்திருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. விசில் நின்றுபோன வீட்டில் மூன்றாம் மாடியில் என்ன நடந்தது என்றால், மாமாவும் மாப்பிள்ளையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கூரைதான் அவர்கள் தரை. எல்லாம் காதில் விழும். முதல் நாள் செய்தித்தாளை எப்படி மடிப்பது என்று. இரண்டாம் நாள் குழாயை யார் இறுக்கி மூடுவது என்று. பதினோரு வருஷச் சண்டையை வட்டியோடு போட்டார்கள். அதுவும் மரியாதை குறையாமல்.

"நீங்க மூடற மூடல்ல வாஷர் தேயுது மாப்பிள்ளை."

"நீங்க மூடாம விடறதுல தண்ணி தேயுதே மாமா."

"தண்ணி எங்கயாவது தேயுமா?"

"அப்ப வாஷர் முக்கியமா, தண்ணி முக்கியமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இந்தக் கடைக் கேள்வியெல்லாம் கடையில வச்சுக்குங்க!"

அந்த அம்மா டிப்போவில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பதினோரு வருஷமா ரெண்டு பேரும் பேசணும்னு நான் வேண்டாத நாளில்லை. இப்ப வாயை மூடுங்கன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன். எப்படியாவது அந்த விசிலைத் திருப்பி வாங்கிக் குடுங்க. இல்லன்னா நான் பஸ்லயே குடியிருந்துக்கறேன்."

கையேட்டை மறுபடி புரட்டினேன். பக்கம் ஐந்நூற்று நாற்பதில் ஒரு வழி இருந்தது. நகரமாக அறிவிக்கப்பட்ட முப்பது நாளுக்குள் ஒருவர் நிரந்தரமாக வெளியேறினால் கணக்கு திருத்தப்படும். இறந்தால் செல்லாது, இறந்தவர் ஊரிலேயே இருப்பதாகக் கருதப்படுவார். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒருவர். ஒருவர் போனால் ஒரு லட்சம். ஒரு லட்சம் என்றால் தாண்டவில்லை. தாண்டவில்லை என்றால் ஊர்.

ஊர்க் கூட்டம் போட்டோம். எல்லோருக்கும் இது நல்ல யோசனையாகப் பட்டது. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது யாரோ இஸ்திரிக்காரர் குழந்தையைப் பற்றிச் சொன்னார்கள். கணக்கெடுப்புக்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிறந்த பெண்குழந்தை. கடைசியாக வந்தது அதுதான்.

"ரெண்டு நாள் பொறுத்துப் பிறந்திருக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார்.

இஸ்திரிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் சும்மா பார்க்கவில்லை, எண்ணிப் பார்த்தார்கள். அவர் மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். என் கடைக்கு அழுத்தித் தரும் துணிகளில் முதல்முறையாகச் சூட்டுத் தழும்பு விழுந்தது. அவரிடம் நான் ஏன் என்று கேட்கவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் மதியம் கார்டு மாமா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். பாதியில் மூச்சு வாங்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த முறை மதிப்பெண்ணுக்காக இல்லை. பின்னாலேயே மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தம்பி ஊருக்கு. ஒரு ஆள் போனா போதுமாமே. பச்சைக் குழந்தையைப் போய் முறைக்கிறானுங்க. நான் போறேன். நீங்க விசிலடிங்க."

"நீங்க போனா நான் யாரோட அடிக்கிறது?"

"அப்ப நீங்க போங்க."

"நான் போனா நீங்க யாரோட அடிப்பீங்க?"

இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். நானும் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். ஒருவர் போனால் விசில் திரும்பி வரும். ஆனால் அடிக்க ஆள் இருக்காது. வாரியத்தின் விதியில் ஓட்டையே கிடையாது.

அப்போதுதான் மாமா அதைச் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் ரயிலில் இருந்தபோது, கண் பரிசோதனைக்கு அனுப்பியது இதே மாப்பிள்ளையின் கடைக்குத்தான். அப்போது இவர் மாப்பிள்ளை இல்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று கண்ணாடிக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவை வண்டியிலிருந்து இறக்கி, கடைசி இரண்டு வருஷம் பார்சல் அறையில் உட்கார வைத்தார்கள். அப்பாவுக்காகச் சண்டை போடக் கடைக்குப் போன மகள், இவரையே கட்டிக்கொள்வதாகச் சொல்லித் திரும்பி வந்தார்.

"ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா ரெண்டு வருஷம் வண்டியில போயிருப்பேன்."

"வண்டியில ஐந்நூறு பேர் இருந்தாங்க மாமா."

"அது எனக்குத் தெரியாதா? நீங்க எழுதினது சரிதான். ஆனா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு எழுதியிருக்கலாம். தபால்ல வந்துச்சு. தபால்ல!"

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்தார். "சொல்லத்தான் வந்தேன். ரெண்டு நாள் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்க வண்டிக்குக் காத்துக்கிட்டு பிளாட்பாரத்துல தனியா விசிலடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதைக் கேட்டுட்டே நின்னேன். அப்புறம் எப்படிச் சொல்றது? திரும்பிட்டேன்."

மாமா பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "என்ன பாட்டு அடிச்சேன்?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல மாமா. ரெண்டாவது அடியில சுருதி இறங்குச்சு."

"இறங்கல."

"இறங்குச்சு."

பெட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள், சுருதி இறங்கியதா இல்லையா என்று சண்டை போட்டபடியே.

மறுநாள் காலை வாரிய இயக்குநர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். வாசலில் இருந்த கண்ணாடி மாட்டிய பொம்மைத் தலைக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாராம். இதைக் கண்ணாடிக்காரரே என்னிடம் சொன்னார்.

"கொஞ்சம் மங்கலா இருக்குய்யா. நேத்து பணிவு இல்லைன்னு ஒருத்தனுக்கு மெமோ குடுத்தேன். அப்புறம் பார்த்தா அது தீயணைக்கிற சிலிண்டராம்."

கண்ணாடிக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வழக்கம்போல் கேட்டார். "மங்கலா தெரியறது இந்த ஊருக்கு வந்த பிறகா, வர்றதுக்கு முன்னாடியா?"

"வந்த அன்னிக்கே மங்கல்தான். அந்தப் புதன்கிழமை பத்தரை மணி வண்டியில வந்து இறங்கினேன். குவார்ட்டர்ஸ் வேணும்னு உடனே பதிவேட்டுல பேரை ஏத்தினாங்க. பதினொண்ணே காலுக்கு ஊர் நகரமாச்சு. நான் போற இடத்துல எல்லாமே நேரத்துக்கு நடக்கும்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த சில்லைக் கீழே வைத்தார். "நீங்க பேரை ஏத்தறதுக்கு முன்னாடி எத்தனை பேர் சார்? கூடவா, குறைவா?"

"சரியா ஒரு லட்சம். எந்த நேரமும் தாண்டிடும்னுதானே முன்கூட்டியே என்னைப் போட்டாங்க!"

கண்ணாடிக்காரர் பரிசோதனையை முடித்தார். நான்கு நாளில் கண்ணாடி தயாராகும் என்றார். கடையைப் பூட்டிவிட்டு நேராக இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போய், திரை போட்ட ஜன்னலுக்கு வெளியே நின்று, "உங்க குழந்தை இல்லைங்க, உங்க குழந்தை இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் முதலில் தப்பாக எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கவில்லை. விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனதாம்.

இருபத்தொன்பதாம் நாள் மேல்முறையீட்டு விசாரணை. ஒரு லட்சத்து ஒன்றாவது ஆள் இயக்குநர்தான் என்று நாங்கள் கொடுத்த புகார் அது. இயக்குநர்மேல் புகார் என்பதால், விதிப்படி அதை விசாரிக்க வேண்டியவர் இயக்குநர். ஹாலில் நிற்க இடமில்லை. இஸ்திரிக்காரர் மனைவி குழந்தையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கண்ணாடிக்காரர் முதலில் புதுக் கண்ணாடியை இயக்குநருக்கு மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வளைத்தார். "இறுக்கமா, தளர்வா?"

இயக்குநர் ஹாலைப் பார்த்தார். "இத்தனை பேரா இருக்கீங்க!" என்றார். பிறகு முன்னாலிருந்த கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"விசிலை அடிச்சுக் காட்டி ஒப்படைக்கணுமா? தரையில மலையேற்றமா? யாருய்யா இதையெல்லாம் எழுதினது?"

கவுண்டர் அம்மா எழுந்து, "கீழ நீங்கதான் சார் கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார்.

இயக்குநர் கையெழுத்தைப் பார்த்தார். "இது ரேஷன் கார்டு விண்ணப்பம்னு சொன்னீங்களே."

"நீங்கதான் சார் அப்படி நினைச்சுக்கிட்டீங்க."

அவர் பழைய கோப்புகளையும் கொண்டுவரச் சொன்னார். அவர் நகரமாக்கிய ஏழு ஊர்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு லட்சத்து ஒன்று. ஒரு லட்சத்து ஒன்று. ஏழிலும் ஒரு லட்சத்து ஒன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

"ஏழு ஊரும் நான் போனதாலயா?" என்றார் மெல்ல. "நான் போற இடமெல்லாம் வளருதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. கார்டு மாமாதான், "தண்ணி குடிங்க சார்" என்றார்.

இயக்குநர் அங்கேயே தலைமையகத்துக்குப் போன் போட்டார். தான் ஊரை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கூச்சல் கேட்டது. நீங்கள் போனால் வாரியம் தப்பு செய்ததாக ஆகிவிடும், வாரியம் தப்பு செய்ய விதியில் இடமில்லை என்றார்களாம். அரை மணியில் உத்தரவு வந்தது. கவுண்டர் அம்மா சத்தமாகப் படித்தார்.

"இயக்குநர் என்பது ஒரு பதவி. பதவியை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க இயலாது. எனவே மேற்படி இயக்குநர் நபர் அல்லர். ஊரின் மக்கள்தொகை தொடக்கத்திலிருந்தே ஒரு லட்சம் மட்டுமே. வாரியத்தின் கணக்கு எப்போதும் சரியாகவே இருந்துள்ளது."

கூட்டம் ஆரவாரம் செய்தது. இயக்குநர் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊருக்கு இயக்குநர் தேவையில்லை; ஆனால் இடமாற்றம் ஆட்களுக்குத்தான் உண்டு, பதவிக்குக் கிடையாது. ஆகவே அவர் எங்கேயும் போக முடியாது. பஸ்ஸிலும் அவருக்குச் சீட்டு கொடுக்கக் கூடாது என்று இரண்டாவது உத்தரவு வந்தது. டிப்போவில் கண்ணாடிக்காரர் மனைவி அதைப் படித்துவிட்டு, கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அடுத்த வாரம் கவுண்டரில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். என் பட்டத்தில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். கண்ணாடிக்காரரிடம், "உங்க சீழ்க்கை. சரிபார்த்துட்டுக் கையெழுத்து போடுங்க" என்றார்கள். அவர் அடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. கார்டு மாமா தன்னுடையதைச் சரிபார்க்க மறுத்துவிட்டார். "பழையதுதானே, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஐந்தேகால் ஆனது. படியில் பேச்சுச் சத்தம்தான் கேட்டது, விசில் வரவில்லை. அப்புறம் டயரில் காற்று இறங்குவது போல 'புஸ்' என்று ஒன்று கேட்டது. திரும்பவும் 'புஸ்'. என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்தேன்.

மாமாவும் மாப்பிள்ளையும் அவரவர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு படி கீழே, புதுக் கண்ணாடியோடு, உதட்டைக் குவித்துக்கொண்டு இயக்குநர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எந்த விதியும் பொருந்தாதாம்" என்றார் என்னிடம். "அதான் வந்தேன்."

"காத்துதான் வருது மாமா" என்றார் கண்ணாடிக்காரர்.

"வரட்டும். முப்பது வருஷம் ஆபீஸ்ல உட்கார்ந்தவருக்குக் காத்தாவது வருதே. சார், உதட்டைக் கொஞ்சம் ஈரமாக்குங்க. நாக்கைக் கீழ வைங்க."

"மேல வைக்கணும் மாமா."

"கீழ."

"அவருக்கு மேலயா கீழயான்னு அவரையே கேட்போமே."

இயக்குநர் நாக்கை எங்கே வைத்தாரோ தெரியாது. ஆறாவது தடவை, மெல்லியதாக, எலி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அவரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா முழங்காலைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "யாருங்க அது? சுருதியே இல்லாம?" என்று கத்தினார்கள்.

"ஆள் யாரும் இல்லைங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"சரி, நான் பிடிக்கிறேன், நீங்க மேல போங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மாமா உதட்டைக் குவித்தார்.